பதினொரு நிமிட நடுநிலை

எங்கள் நாடு நடுநிலை நாடாக இருந்தது. அப்படி இருக்கிறோம் என்று ஊருக்குச் சொல்வதற்காகவே நடுநிலைத் துறை என்று ஒன்று இருந்தது. அதன் கோயம்புத்தூர் மையத்தில் நான்கு ஆண்டுகள் பகல்நேர மேற்பார்வையாளராக இருந்தேன். பெயர் தண்டபாணி. இப்போது என் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கைதட்ட வேண்டாம்.

கடலுக்கு அப்பால் சல்தான் என்றொரு பெரிய நாடு, பக்கத்திலிருந்த மோர்வா என்ற சின்ன நாட்டுக்குள் புகுந்து ஆறு ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சல்தானிடம் நாங்கள் எண்ணெய் வாங்கினோம். மோர்வாவிடம் கோதுமை வாங்கினோம். ஆகவே இருவருடைய வலியும் எங்களுக்குப் புரிந்தது. வெறுமனே வேடிக்கை பார்க்கிறோம் என்று சொன்னால் நன்றாக இருக்காது என்பதால், போர்க்களத்துக்குத் தூக்கிகளை அனுப்பினோம்.

தூக்கி என்பது ஊழியர்கள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் 'தொலைவழி மனிதாபிமான மீட்பு ஊர்தி'. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடிபட்டவன் செத்துப்போவான். கன்றுக்குட்டி உயரம், நான்கு கால், இரண்டு கை, முதுகில் ஒரு படுக்கை. வெள்ளை நிறம், பக்கவாட்டில் பச்சை இலை. அது அங்கே சேற்றில் நடக்கும். இங்கே சரவணம்பட்டியில் குளிரூட்டிய அறையில் ஒருவர் தலைக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு அதை நடத்துவார். அது பார்ப்பதை இவர் பார்ப்பார், இவர் கையை அசைத்தால் அது அசைக்கும். அது ஒரு ஆளைத் தூக்கினால் அந்த ஆளின் எடை இவர் கையுறையில் தெரியும். எடை தெரியாமல் தூக்கினால் முதுகெலும்பை முறித்துவிடுவோம் என்று மருத்துவர்கள் சொன்னதால் அந்த ஏற்பாடு.

மையத்தின் மூன்றாவது மாடி மோர்வாவின் காயம்பட்டவர்களுக்கு. நான்காவது மாடி சல்தானின் காயம்பட்டவர்களுக்கு. இரண்டுக்கும் நடுவே, படிக்கட்டுத் திருப்பத்தில், என் கண்ணாடி அறை. நடுநிலையை இதைவிடத் துல்லியமாக எந்தக் கொத்தனாரும் கட்டிக் காட்ட முடியாது.

ஒப்பந்தம் ஒன்றுதான். தூக்கி தூக்க வேண்டும், வேறெதுவும் செய்யக்கூடாது. யாரையாவது தடுத்தால், தள்ளினால், ஒரு கல்லை எடுத்து எறிந்தால்கூட அது ஆயுதம் ஆகிவிடும். நாடும் அந்த நிமிடமே போரில் இறங்கியதாக ஆகிவிடும். அப்படி நடக்காமல் பார்க்க என் மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் சம்பந்தப்பட்ட தூக்கி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது மாடியில் ஜெசிந்தா இருந்தார். புலியகுளத்துக்காரர். பதினாறு ஆண்டுகள் அறுவை அரங்கில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர். நான்காவது மாடியில் குணசீலன். அதற்கு முன் பொள்ளாச்சிப் பக்கம் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு மாடிக்காரர்களும் வேலையைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்பது விதி. அதனால் காண்டீனில் அவர்கள் வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை.

அந்த ஆண்டு நாடு முழுவதும் ஒரே கேள்வி. நாம் போரில் மோர்வா பக்கம் சேரலாமா, கூடாதா? தொலைக்காட்சியில் எட்டு எட்டுப் பேராக உட்கார்ந்து கத்தினார்கள். சேர வேண்டும் என்றவர்களில் யாருடைய பிள்ளையும் ராணுவத்தில் இல்லை. கூடாது என்றவர்களில் பாதிப் பேர் எண்ணெய் வியாபாரிகள்.

"குணாண்ணா, நீங்களே சொல்லுங்க," என்றார் ஜெசிந்தா ஒருநாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு. "நேத்து ஒரே தெருவுல ஒம்பது பேரத் தூக்குனேன். இன்னிக்கு அதே தெருவுல ஏழு பேரு. நாளைக்கும் போவேன். அவன் சுட்டுக்கிட்டே இருப்பான், நான் பொறுக்கிக்கிட்டே இருப்பேன். இதுக்குப் பேரு நடுநிலையா?"

"நாம போய்ச் சுட்டா மட்டும் நின்னுருமுங்களா சிஸ்டர்?"

"நிக்கலாம். பெரிய நாடு நாம. நாம வர்றோம்னாலே அவன் யோசிப்பான்."

"சரி, யோசிக்கறான்னே வெச்சுக்குவோம்." குணசீலன் தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே பேசினார். "நான் தூக்கறது பூராம் பத்தொம்போது இருவது வயசுப் பசங்கங்க. சல்தான்காரப் பசங்கதான். எதுக்கு வந்தோம்னே தெரியாம வந்து கிடக்கறானுங்க. நாம ஒரு பக்கம் சேந்துட்டா இவனுகள யாருங்க தூக்குவா?"

"ஊருக்குள்ள புகுந்தது அவங்கதானே அண்ணா?"

"புகுந்தவன் கெட்டவன்தானுங்க. வயித்துல குண்டு வாங்கிட்டு அம்மாங்கறவன் யாருங்க?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்றேன். எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. மணி மூன்று நாற்பது. நான் காண்டீனில் இருந்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் அறையை விட்டுப் போனால் மாற்று ஆளை உட்கார வைக்க வேண்டும் என்று விதி உண்டு. வெங்காய போண்டா போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இறங்கியவனுக்கு அது நினைவில்லை. குணசீலன் அப்போதுதான் வேலை முடித்து வந்திருந்தார். மறுபடியும் அதே வாதம். ஜெசிந்தா மேலே வேலையில் இருந்ததால் அவர் கட்சியை நான் எடுத்துக்கொண்டேன். கண்முன்னால் அநியாயம் நடக்கும்போது ஒதுங்கி நிற்பதும் ஒரு குற்றம்தான் என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஊக்கம் வந்து இன்னொரு தட்டு போண்டா சொன்னேன்.

அதே நேரத்தில் மேலே நடந்தது இது.

மோர்வாவில் எல்ரின் என்று ஒரு மலையூர். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் காயம்பட்டவர்களும் பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகக் கூட்டம். ஜெசிந்தாவின் தூக்கி ஒவ்வொருவராகச் சுமந்து வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தது. உள்ளே இன்னும் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். ஊரின் மறுபுறமிருந்து சல்தானின் டாங்கிகள் வந்தன. பள்ளிக்கூடம் எதிரிகளின் பதுங்குமிடம் என்று காலையிலேயே ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தார்கள். இடிக்கப்போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்வழியாக மலையேறித் தப்பலாம், ஆனால் நடக்க முடியாதவர்களை மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போக நேரம் வேண்டும். டாங்கிகள் வர வேண்டிய வழியில் ஒரு குறுகலான பாலம் இருந்தது.

ஜெசிந்தா என்னை இன்டர்காமில் கூப்பிட்டார். பதிவில் இருக்கிறது. "சார், இருக்கீங்களா?" ஐந்து வினாடி கழித்து, "சார், எல்ரின்ல டாங்க் வருது. நான் என்ன செய்யட்டும்?" மறுபடியும், "சார்?"

பிறகு தூக்கியைப் பாலத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு கைகளையும் விரித்தார்.

முதல் டாங்கி நின்றுவிட்டது. அதன் அதிகாரிக்கும் பச்சை இலை தெரியும். அதன் மேல் ஏற்றினால் ஒரு பெரிய நாட்டின் மேல் ஏற்றியதாக ஆகும். ஏற்றலாமா என்று கேட்கத் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் தலைநகரைக் கூப்பிட்டார். அங்கேயும் யாரோ காண்டீனில் இருந்திருக்க வேண்டும். பதில் வரப் பதினொரு நிமிடம் ஆனது. அதற்குள் அறுபத்து மூன்று பேரும் மலையேறிவிட்டார்கள்.

பதில் வந்ததும் டாங்கி ஏறியது.

நான் வாயைத் துடைத்துக்கொண்டே படியேறியபோது மூன்றாவது மாடியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஜெசிந்தா மட்டும் நாற்காலியில். கையுறையைக் கழற்றாமல் இரண்டு கைகளையும் விரித்தபடியே இருந்தார். திரையில் எதுவும் இல்லை.

"என்னாச்சு சிஸ்டர்?"

"கையுறை நூறு கிலோவுக்கு மேல காட்டாதுன்னு சொல்வீங்கல்ல சார்?" என்றார். "அது நெஜம்தான். நூறோட நின்னுருச்சு."

மறுநாள் தலைநகரிலிருந்து பத்மநாபன் வந்தார். துறையின் இணைச் செயலர், தமிழர், மிகவும் மென்மையாகப் பேசுபவர். பதிவுகளை முழுவதும் கேட்டுவிட்டு என்னை மட்டும் உள்ளே அழைத்தார்.

"உட்காருங்க தண்டபாணி. சர்க்கரை போடலாமா?" அவரே தேநீர் கலக்கினார். "விஷயம் இதுதான். நேத்து அந்தப் பாலத்துல நடந்தது ரெண்டுல ஒண்ணா இருக்கலாம். ஒரு ஊழியர் யாரையும் கேட்காம ஒப்பந்தத்த மீறிட்டாங்க. அப்படின்னா அது தனிநபர் குற்றம். நாம சல்தான்கிட்ட மன்னிப்புக் கேட்கணும், அந்தம்மா உள்ள போகணும், பொறுப்புல இருந்தவரும் போகணும். இல்லேன்னா, நாட்டோட அதிகாரி எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தார், தடுக்க முடியும், ஆனா மனசாட்சியோட தடுக்காம விட்டார். அப்படின்னா அது நாட்டோட முடிவு. நம்ம முடிவு மேல டாங்க்கை ஏத்தியிருக்காங்க. அது நம்ம மேல நடந்த தாக்குதல்."

"சார், அவங்க கூப்பிட்டதுக்கு நான் பதிலே சொல்லலையே. பதிவுல..."

"கேட்டேன். ரொம்ப ஆழமான மௌனம். ஒரு பொறுப்புள்ள அதிகாரி யோசிக்கிற மௌனம்." தேநீரை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க நேத்து எங்க இருந்தீங்க?"

எனக்கு அப்போது மனைவியும் மகளும் நினைவுக்கு வந்தார்கள் என்று சொன்னால் நன்றாக இருக்கும். எனக்குச் சிறைச்சாலை நினைவுக்கு வந்தது.

"என் சீட்ல இருந்தேன் சார்," என்றேன்.

அவர் பேனாவை மூடினார். மேலிடத்தில் முடிவு பல மாதங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, காரணம் கிடைக்காமல்தான் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மூத்த அமைச்சர் நாட்டு மக்களிடம் பேசினார். என் பெயரை மூன்று முறை சொன்னார். விரல் பொத்தானின் மேல் இருந்தும் பதினொரு நிமிடம் அழுத்தாமல் நின்ற அந்தக் கையில் நாட்டின் மனசாட்சியே இருந்தது என்றார். அந்தக் கையில் அப்போது தேங்காய்ச் சட்னி இருந்தது. அன்றிலிருந்து நான் 'மனசாட்சி' தண்டபாணி. போர் அறிவிக்கப்பட்டது. எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். என் வீட்டு வாசலில் ஒருவர் பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டேகாலுக்கு உத்தரவு வந்தது. நாம் இப்போது மோர்வாவின் பக்கம். சல்தானின் காயம்பட்டவர்களைத் தூக்குவது எதிரிக்கு உதவுவதாகும். நான்காவது மாடியின் எல்லா இணைப்புகளும் பன்னிரண்டரைக்குத் துண்டிக்கப்பட வேண்டும். மேற்பார்வையாளர் தன் கையால் செய்ய வேண்டும். புகழ்பெற்ற கை ஆயிற்றே.

நான் மாடிக்குப் போய் அறிவித்தேன். முப்பத்தெட்டுப் பேரில் பெரும்பாலோர் தூக்கிகளை ஓரமாக நிறுத்திவிட்டுக் கையுறையைக் கழற்றினார்கள். சிலர் அழுதார்கள். குணசீலன் கழற்றவில்லை.

"சார், எங்கிட்ட ஒரு பையன் இருக்கானுங்க."

அவர் திரையில் பார்த்தேன். தூக்கியின் கைகளில் ஒரு செம்பட்டைத் தலைப் பையன். வயிற்றைத் துணியால் கட்டியிருந்தார்கள். துணியின் நிறம் தெரியவில்லை. படுக்கையில் கிடத்தினால் காயம் விரியும் என்று குணசீலன் கையிலேயே ஏந்திக்கொண்டு நடத்திக்கொண்டிருந்தார். தூரத்தில் மருத்துவக் கூடாரம் தெரிந்தது.

"எவ்வளவு நேரம் குணா?"

"ஆறு நிமிஷமுங்க. வேகமா நடத்துனா அஞ்சு. குலுங்கக் கூடாதுங்க, அதான்."

மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. நான் என் அறைக்கு ஓடினேன். தொலைபேசியில் பத்மநாபன் இணைப்பிலேயே இருந்தார். சொன்னேன்.

"புரியுது தண்டபாணி," என்றார். உண்மையிலேயே வருத்தமான குரல். "ஆனா பன்னிரண்டரைக்கு மேல நம்ம மெஷின் ஒரு எதிரிச் சிப்பாயைச் சுமந்தா, அது வேற யார் கையிலயாவது சிக்கினா, நாளைக்கு என்ன ஆகும்? நேரம் பதிவாகும். உங்க பேர்ல பதிவாகும்."

இன்டர்காமில் குணசீலன் பேசிக்கொண்டே இருந்தார். "சார், டென்ட் தெரியுதுங்க. சார், ஒரு நர்ஸு வெளிய வந்து பாக்கறாங்க. சார், அவன் என்னமோ சொல்றான், எனக்குப் புரியலீங்க. சார்?"

பன்னிரண்டரை ஆனது. இந்த முறை நான் என் நாற்காலியில்தான் இருந்தேன். பொத்தானை அழுத்தினேன்.

நான் மாடியேறிப் போனபோது குணசீலன் இரண்டு கைகளையும் ஏந்தினாற்போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. "எடை போயிருச்சுங்க சார்," என்றார். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். பிறகு கையுறையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அதன்பின் மையத்துக்கு வரவில்லை.

கூடாரத்திலிருந்து யாராவது ஓடிவந்து அந்தப் பையனைத் தூக்கியிருக்கலாம். தூக்காமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

போரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் போனதால் எல்ரின் இரண்டு மாதத்தில் மீட்கப்பட்டது. பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகள் வரிசையாகச் செப்பனிட்ட கட்டடத்துக்குள் போகிற படத்தை நான் பார்த்தேன், கண் கலங்கியது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அதே இரண்டு மாதத்தில் நம் பக்கம் நாலாயிரம் பேர் பெட்டியில் திரும்பி வந்தார்கள். சல்தான்காரர்கள் எத்தனை பேர் தூக்க ஆளில்லாமல் கிடந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணுகிற மாடியைத்தான் மூடிவிட்டோமே.

ஜெசிந்தாவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அவர் முகம் போட்ட சுவரொட்டிகள் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டப்பட்டன. டிசம்பரில் புதிய தூக்கிகள் வந்தன. முதுகில் படுக்கை இருந்த இடத்தில் துப்பாக்கி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர்தான் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. ஒரு மணி நேரம் பயிற்சி அறையில் இருந்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார்.

"சார், புதுக் கையுறைய மாட்டிப் பாத்தீங்களா?"

"இல்லையே."

"எடை தெரியற வசதிய எடுத்துட்டாங்க. இனிமே தேவையில்லையாம்." எதிரே உட்கார்ந்தார். "நான் பாலத்துல நின்னது தப்புன்னு இன்னிக்கும் எனக்குத் தோணல. மறுபடியும் நிப்பேன். ஆனா அது நான் நின்னது சார். நாடு நிக்கல. நீங்களும் நிக்கல. நீங்க எங்க இருந்தீங்கன்னு குணாண்ணா எனக்கு அன்னிக்கே சொல்லிட்டாங்க."

நான் பேசாமல் இருந்தேன். ஆழமான மௌனம்.

"எழுதிக் குடுத்துருங்க சார். உள்ளது உள்ளபடி. என்னைய ஜெயில்ல போட்டாப் போடட்டும். அறுபத்து மூணு பேருக்காக நான் போறேன். ஆனா அந்த அறுபத்து மூணு பேரக் காட்டி இதுங்களத் துப்பாக்கியோட அனுப்பக் கூடாது."

"இப்ப எழுதினா போர் நின்னுடுமா சிஸ்டர்?"

"நிக்காது. எழுதுங்க."

அன்று மாலையே வேலையை விட்டார். எல்லைப் பகுதியில் மருத்துவமனை நடத்தும் ஒரு தொண்டுக் குழுவோடு அடுத்த மாதம் கிளம்பிப்போனார். எந்தப் பக்கத்து எல்லை என்று விமான நிலையத்தில் கேட்டேன். "எது மொதல்ல வருதோ அது," என்றார்.

நான் எழுதினேன். எனக்கே நம்ப முடியவில்லை, ஆனால் எழுதினேன். நான்கு பக்கம். காண்டீன், போண்டா, எத்தனை மணிக்கு இறங்கினேன், எத்தனை மணிக்கு ஏறினேன், உடன் இருந்தவர் பெயர், எல்லாம். நான்காவது மாடிப் பையனைப் பற்றியும் ஒரு பத்தி எழுதி, அவன் என்ன ஆனான் என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டிருந்தேன். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, சட்டை துணிமணிகளை ஒரு பையில் எடுத்து வைத்துக் காத்திருந்தேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. பத்மநாபனே கையெழுத்திட்டிருந்தார். 'தாங்கள் செய்த மகத்தான செயலுக்கான பெருமையை ஏற்க மறுக்கும் தங்கள் தன்னடக்கம் எங்களை நெகிழச் செய்தது. தங்கள் கடிதம் துறையின் கோப்பில், நற்பண்புகள் என்ற தலைப்பின் கீழ்ச் சேர்க்கப்பட்டுள்ளது' என்றிருந்தது. பையனைப் பற்றி எதுவும் இல்லை. பையில் இருந்த சட்டைகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன்.

ஜூன் மாதம் இங்கேயும் பள்ளிக்கூடம் திறந்தது. என் மகள் நேத்ரா எட்டாம் வகுப்பு. புதுப் புத்தகத்தில் ஏழாவது பாடம் நான். படத்தில் எனக்கு முடி அதிகம். பாடத்தின் முடிவில் கேள்வி: 'அதிகாரி பதினொரு நிமிடங்கள் பொத்தானை அழுத்தாததற்குக் காரணம் என்ன? விரிவாக விடையளி.'

"எங்க மிஸ், உன்னையே கேட்டு எழுதிட்டு வரச் சொன்னாங்கப்பா," என்று நோட்டை விரித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், போண்டா, பத்மநாபனின் தேநீர், குணசீலன், அந்தப் பையன். ஒன்றையும் மறைக்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில்கூட அவள் சிரிக்கவில்லை. சொல்லி முடித்ததும் பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள்.

"மொதல் தடவ ஏன் அழுத்தலேன்னு புரிஞ்சுதுப்பா," என்றாள். "ரெண்டாவது தடவ ஏன் அழுத்துன?"

அந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை.